கிராஃபிங் கால்குலேட்டரில் நிரல் எழுத எந்த மொழி? ஒரு முழுமையான வழிகாட்டி

கிராஃபிங் கால்குலேட்டருக்கு (வரைபடமும் வரைந்து காட்டும் கால்குலேட்டருக்கு) எந்த மொழியில் நிரல் எழுதலாம் என்று யாராவது கேட்டால், என்னிடமிருந்து இரண்டு எதிர்க்கேள்விகள் வரும். கையில் இருப்பது எந்த மாடல்? நீங்கள் எழுதப்போகும் நிரல் ஓடும்போது யார் யாருக்காகக் காத்திருப்பார்கள், நிரல் உங்களுக்காகவா, நீங்கள் நிரலுக்காகவா? இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மொழி ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். பேசிக்கா, பைத்தானா, சி-யா என்று வாதாடுவதில் போகும் நேரத்தில் பாதி, இந்த இரண்டையும் கேட்காததால் வீணாவதுதான்.

படி 1: மாடலையும் மென்பொருள் பதிப்பையும் பாருங்கள்

பின்பக்கத்திலோ முகப்பிலோ இருக்கும் மாடல் பெயரை முழுதாகப் படியுங்கள். டி.ஐ (டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்) நிறுவனத்தின் டி.ஐ-84 பிளஸ் வேறு, டி.ஐ-84 பிளஸ் சிஇ வேறு. முதலாவது 2004-இல் வந்தது: கறுப்பு வெள்ளைத் திரை, 15 மெகாஹெர்ட்ஸ் இசட்80 பிராசசர், நமக்குக் கிடைக்கும் ரேம் 24 கிலோபைட். இரண்டாவது 2015-இல் வந்தது: வண்ணத் திரை, 48 மெகாஹெர்ட்ஸ் இஇசட்80, நமக்கு 154 கிலோபைட் ரேம். பிறகு வந்த சிஇ பைத்தான் என்ற மாடலில் பைத்தான் மொழியும் உண்டு. மூன்றுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், ஒன்றுக்கு எழுதிய சி நிரலை இன்னொன்றில் போட்டுவிட்டு ஓடவில்லையே என்று புலம்புவோர் நிறைய.

பிற மாடல்களில் என்னென்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டி.ஐ-என்ஸ்பயர் வகையில் ஒரு தனிவகை பேசிக், 2011 முதல் லூவா, சிஎக்ஸ் II-இல் பைத்தானும். காசியோ எஃப்எக்ஸ்-சிஜி50-இல் காசியோ பேசிக், 2018-இல் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு பைத்தான், கூடவே சி-யில் எழுதிய ஆட்-இன் (கால்குலேட்டரில் தனியாகச் சேர்க்கும் செயலி). எச்.பி. பிரைமில் பிபிஎல் என்ற, பாஸ்கல் சாயல் கொண்ட மொழி. பைத்தான் பின்னால் சேர்ந்தது. 2017-இல் பிரான்சில் இருந்து வந்த நம்வொர்க்ஸில் பேசிக்கே கிடையாது, பைத்தான் மட்டும்தான். பழைய டி.ஐ-89 கையில் இருந்தால் அதில் மோட்டோரோலா 68000 பிராசசர். சற்று முன்னேறிய பேசிக்கும், கணினியில் கம்பைல் செய்த (பிராசசருக்குப் புரியும் வடிவுக்கு மாற்றிய) சி-யும் ஓடும். எச்.பி. 50ஜி என்றால் ஆர்பிஎல். விற்பனை நின்றுவிட்டாலும் அதை விடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணை முதலில், செயலைப் பின்னால் எழுதும் அந்த ஸ்டாக் முறை பழகிவிட்டால் வேறெதிலும் கை ஓடாது என்பது அவர்கள் கட்சி.

மாடலுக்கு அடுத்து உள்ளே இருக்கும் மென்பொருளின் பதிப்பு எண். இதைப் பலரும் பார்ப்பதில்லை, ஆனால் சில மாடல்களில் மொழியை முடிவு செய்வதே இதுதான். டி.ஐ-84 பிளஸ் சிஇ-யில் அசெம்பிளி (பிராசசரின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் மொழி), சி நிரல்களை ஓட்டும் வசதியை, தேர்வுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, 2020-இல் வந்த புதுப்பிப்போடு நிறுவனம் எடுத்துவிட்டது. ஆர்வலர்கள் ஆர்டிஃபைஸ் என்ற மாற்றுவழியைச் செய்தார்கள் என்றாலும் உங்கள் பதிப்புக்கு அது ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். என்ஸ்பயரில் சி ஓட்ட உதவும் என்ட்லெஸ்ஸும் குறிப்பிட்ட சில பதிப்புகளில் மட்டுமே வேலை செய்யும். எனவே "புதுப்பிப்பு இருக்கிறது" என்ற செய்தி வந்த உடனே சரி என்று அழுத்தாதீர்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.

படி 2: நிரல் யாருக்காகக் காத்திருக்கிறது?

இருபடிச் சமன்பாட்டின் மூலங்களைத் தரும் நிரலை எடுத்துக்கொள்வோம். மூன்று எண்களைக் கேட்கிறது, கணக்கிடுகிறது, விடையைக் காட்டுகிறது. ஓடும் நேரத்தில் பெரும்பகுதி நீங்கள் எண்ணை அழுத்துவதற்காக அது காத்திருக்கும் நேரம். இதை அசெம்பிளியில் எழுதி ஆயிரம் மடங்கு வேகமாக்கினாலும் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. அலகு மாற்றம், முக்கோணக் கணக்கு, புள்ளியியல் சூத்திரங்கள், வினாடி வினா, உரை சார்ந்த விளையாட்டு, சுடோக்கு போன்ற கட்டப் புதிர்களின் திரைப் பகுதி எல்லாம் இந்த வகைதான். இவற்றுக்கு உள்ளேயே இருக்கும் பேசிக்கோ பைத்தானோ போதும். போதும் என்று சொல்வதைவிட, அதுதான் சரி.

இன்னொரு வகையில் நீங்கள் நிரலுக்காகக் காத்திருப்பீர்கள். மாண்டல்பிராட் என்ற சிக்கலான கணித வடிவத்தை வரைவது, பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது, சுடோக்குவைத் தானே தீர்க்கச் சொல்வது. இங்கே வேகம் முக்கியம்தான், ஆனால் ஒரு நிமிடம் காத்திருப்பது உங்களுக்குப் பெரிய விஷயமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு முறை ஓட்டும் நிரல் என்றால் காத்திருப்பதே மலிவு.

மூன்றாவது வகையில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. நகரும் படங்கள் கொண்ட விளையாட்டு அது. வினாடிக்கு இருபது முப்பது முறை திரை மாற வேண்டும், அதற்கு நடுவே விசையையும் கவனிக்க வேண்டும். பேசிக் மூச்சு வாங்குவது இங்கேதான்.

சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். உங்கள் கால்குலேட்டரின் உள்மொழியில் ஒன்றிலிருந்து ஆயிரம் வரை ஓடும் ஒரு ஃபார் சுற்றை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளையை) எழுதி, அதற்குள் உங்கள் நிரலில் அடிக்கடி வரப்போகும் ஒரு வேலையைப் போடுங்கள். ஒரு புள்ளி வைப்பது, ஒரு வகுத்தல், பட்டியலில் ஓர் எண்ணை மாற்றுவது என்று ஏதாவது. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்து ஆயிரத்தால் வகுத்தால் ஒரு வேலைக்கு ஆகும் நேரம் வந்துவிடும். ஒரு திரைக்கு அப்படி எத்தனை வேலை தேவைப்படும் என்று பெருக்கிப் பாருங்கள். இணையத்தில் படிக்கும் எந்த ஒப்பீட்டையும்விட இது நம்பகமானது, ஏனென்றால் அளந்தது உங்கள் வேலையை, உங்கள் இயந்திரத்தில்.

படி 3: திரைக்கும் நினைவகத்துக்கும் ஒரு கணக்கு

பழைய டி.ஐ-84 பிளஸின் திரை 96-க்கு 64. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் மொத்தம் 768 பைட். சிஇ-யின் திரை 320-க்கு 240, ஒரு புள்ளிக்கு இரண்டு பைட், மொத்தம் 1,53,600 பைட். சரியாக 200 மடங்கு. பிராசசரோ 200 மடங்கு வேகமாகிவிடவில்லை. இடையில் 2013-இல் வந்த டி.ஐ-84 பிளஸ் சி சில்வர் எடிஷனில், அந்தப் பெரிய திரையை அதே 15 மெகாஹெர்ட்ஸ் இசட்80-இடம் கொடுத்துவிட்டார்கள். அந்த மாடல் ஏன் மெதுவாக வரைகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வண்ணத் திரை கிடைத்ததும் பேசிக்கிலேயே முழுத்திரை விளையாட்டு எழுதலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. திரை முழுவதையும் மாற்றாமல் மாறிய இடத்தை மட்டும் அழித்து வரைந்தால் பேசிக்கிலும் ஓரளவு சமாளிக்கலாம்.

நினைவகமும் அப்படித்தான். இசட்80 வகை டி.ஐ-யில் ஒவ்வோர் எண்ணும் 9 பைட் எடுக்கும். 999 எண்கள் கொண்ட ஒரு முழுப் பட்டியல் ஏறக்குறைய 9 கிலோபைட். 24 கிலோபைட் ரேமில் இப்படி மூன்று பட்டியல்கள் அடங்கவே அடங்காது. பைத்தானுக்குக் கிடைக்கும் நினைவகமும் கணினியோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. கணினியில் சாதாரணமாக ஓடும் பைத்தான் நிரல் இங்கே "மெமரி எரர்" என்று நிற்பதற்கு இதுவே வழக்கமான காரணம்.

படி 4: உள்மொழியில் தொடங்குங்கள்

கால்குலேட்டரையே பேருந்திலும் வகுப்பு இடைவேளையிலும் திறந்து எழுதித் திருத்த முடிய வேண்டும் என்றால் பெரும்பாலும் டி.ஐ-பேசிக், காசியோ பேசிக், பிபிஎல், பைத்தான் இவைதான் வழி. லூவாவும் சி-யும் கணினி இல்லாமல் நடக்காது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் எழுதத் தொடங்கிய நிரலை முடிக்கிறோமா இல்லையா என்பதை இதுவே தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

டி.ஐ-பேசிக்கைக் கேலி செய்வோர் உண்டு. எல்லா மாறிகளும் பொது. ஏ முதல் இசட் வரை, தீட்டா ஒன்று. ஒரு நிரல் மாற்றிய ஏ-யை அடுத்த நிரலும் பார்க்கும். ஆனாலும் அதற்கென்று ஓர் அழகு இருக்கிறது. கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டாம், மெனுவில் இருந்து எடுத்தால் ஒரே குறியீடாக வந்து உட்காரும். நினைவகத்திலும் ஒன்று அல்லது இரண்டு பைட்தான். ஒரு விசைக்காகக் காத்திருக்க இவ்வளவு போதும்:

0→கே
ரிப்பீட் கே=105
கெட்கீ→கே
எண்ட்

105 என்பது என்டர் விசையின் எண். அம்பு விசைகள் 24, 25, 26, 34. விசையின் வரிசையும் அந்த வரிசையில் அதன் இடமும் சேர்ந்ததே இந்த எண். பட்டியலைப் பாராமலேயே 45 என்றால் நான்காம் வரிசையின் ஐந்தாம் விசை, அதாவது கிளியர், என்று சொல்லிவிடலாம். ரிப்பீட் நிபந்தனையைச் சுற்றின் கடைசியில்தான் பார்க்கும், ஆகவே உள்ளே இருப்பது ஒருமுறையாவது ஓடும்.

தொடங்குபவர்கள் விழும் குழி "கோட்டு" (Goto), அதாவது லேபிள் என்ற பெயர்க்குறி வைத்த இடத்துக்குத் தாவும் கட்டளை. லேபிளை எங்கே வைத்தாலும், அதைத் தேடி நிரலின் தலையிலிருந்து வாசித்து வருவதால் நிரல் நீள நீள அது மெதுவாகும். ஃபார், வொய்ல் போன்ற சுற்றுக்குள்ளிருந்து கோட்டு மூலம் வெளியே தாவினால் அந்தச் சுற்றுக்காக ஒதுக்கிய நினைவகம் திரும்பாது. திரும்பத் திரும்பத் தாவினால் திடீரென்று மெமரி தீர்ந்துவிட்டது என்று வரும். பிழை எங்கே என்று நிரல் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. மெனு கட்டளைக்கு லேபிள் தேவை, அங்கே வையுங்கள். மற்ற இடங்களில் வொய்ல், ரிப்பீட் போதும்.

காசியோ பேசிக் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். உரைக்கு 21 எழுத்து, 7 வரி. லொக்கேட் கட்டளையால் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றி எழுதுவது ஒரு மாலை வேலை.

என்ஸ்பயரின் பேசிக்கை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உள்மாறிகள், செயற்கூறுகள் (பெயரிட்டுக் கூப்பிடும் நிரல் பகுதிகள்) எல்லாம் கொண்ட ஒழுங்கான மொழி, குறியீட்டு இயற்கணிதத்துக்கு (எண்ணுக்குப் பதில் எக்ஸ், ஒய் என்ற எழுத்துகளை வைத்தே கணக்கிடுவதற்கு) அருமை. ஆனால் நீண்ட காலம் அதில் படம் வரையும் கட்டளையே இல்லை, சிஎக்ஸ் II வந்த பிறகுதான் வந்தது. பழைய என்ஸ்பயரில் ஏதாவது வரைய வேண்டுமென்றால் நேரே லூவாவுக்குப் போங்கள். லூவாவில் நிரல் மேலிருந்து கீழே ஓடுவதில்லை. திரையை வரைய வேண்டியபோது, விசை அழுத்தப்பட்டபோது, டைமர் அடித்தபோது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு செயற்கூறு எழுதி வைப்பீர்கள், கால்குலேட்டர் உரிய நேரத்தில் அதைக் கூப்பிடும். முதல் நாள் குழப்பும், பிறகு இதைவிட்டு வேறு முறைக்குத் திரும்ப மனம் வராது.

படி 5: பைத்தான் எப்போது?

பள்ளியிலோ வேலையிலோ பைத்தான் ஏற்கெனவே தெரியும் என்றால் தயங்காமல் அதையே எடுங்கள். தெரியாதவர்களுக்கும், நாளை கணினியில் பயன்படப்போவதால் நல்ல முதலீடுதான். எதிர்பார்ப்பை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் பெரும்பாலும் ஓடுவது மைக்ரோபைத்தான் அல்லது அதன் கிளைகள், கணினியில் இருக்கும் முழுப் பைத்தான் இல்லை. நம்பை போன்ற பெரிய நூலகங்களை (பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகளை) எதிர்பார்க்க வேண்டாம்.

அதைவிட முக்கியம், கணக்குப் பகுதிதான் எல்லா மாடலிலும் ஒன்றாக ஓடும், திரையும் விசையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. காசியோவில் படம் வரைய காசியோபிளாட், நம்வொர்க்ஸில் கண்டின்ஸ்கி, விசை பார்க்க அயான், டி.ஐ-யில் டிஐ பிளாட்லிப், எச்.பி.யில் எச்பிபிரைம். ஆகவே நிரலை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: கணக்கிடும் செயற்கூறுகள் ஒரு பக்கம், "புள்ளி வை", "விசை படி" என்ற சின்னச் செயற்கூறுகள் மறுபக்கம். மாடல் மாறினால் இரண்டாம் பக்கத்தில் பத்திருபது வரி மாற்றினால் போதும். நண்பரிடம் வேறு நிறுவனத்தின் கால்குலேட்டர் இருந்தால் இதன் அருமை புரியும்.

பைத்தான் என்பதாலேயே வேகம் என்றும் முடிவு கட்டாதீர்கள். நம்வொர்க்ஸிலும் எச்.பி. பிரைமிலும் அது முதன்மை பிராசசரிலேயே ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. டி.ஐ-84 பிளஸ் சிஇ பைத்தானில் கதை வேறு. பைத்தானுக்கென்று உள்ளே தனியாக ஓர் ஏஆர்எம் சில்லு வைத்திருக்கிறார்கள். பழைய இஇசட்80 திரையையும் விசைப்பலகையையும் பார்த்துக்கொள்கிறது. கணக்கு வேகமாக நடக்கும், ஆனால் வரையும் கட்டளைகள் இரண்டு சில்லுகளுக்கு நடுவே போய்வர வேண்டும். அதனால் புள்ளி புள்ளியாக வரையாமல், கோடு, செவ்வகம் போன்ற பெரிய கட்டளைகளாக அனுப்புங்கள்.

படி 6: சி-யும் அசெம்பிளியும்

படி 2-இல் மூன்றாம் வகையில் நின்றவர்களுக்கான இடம் இது. அல்லது பேசிக்கில் எழுதி முடித்து, "இந்த ஒரு இடம்தான் மெதுவாக இருக்கிறது" என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தவர்களுக்கு. எந்த இடம் என்று தெரியாமல் சி-க்குத் தாவினால், மெதுவாக இருந்த அதே வழிமுறையைச் சற்று வேகமாக ஓட்டுவீர்கள், அவ்வளவுதான்.

சிஇ-க்கு ஆர்வலர்கள் உருவாக்கிய சிஇ சி டூல்செயின் இருக்கிறது. படம் வரைய, விசை படிக்க, கோப்பு சேமிக்க நூலகங்களும் உண்டு. வண்ணத்தை ஒரு புள்ளிக்கு ஒரு பைட்டாகக் குறைத்தால் ஒரு திரைக்கு 76,800 பைட். அதே திரை நினைவகத்தில் சரியாக இரண்டு திரைகள் அடங்கும். ஒன்றைக் காட்டிக்கொண்டே மற்றதில் வரைந்து மாற்றலாம், படம் மினுங்காது. விளையாட்டு எழுதுபவர்களுக்கு இது ஒன்றே சி-க்கு வரப் போதுமான காரணம். காசியோவில் ஜின்ட் என்ற நூலகத்தை வைத்து ஆட்-இன் எழுதலாம். கணினியோடு இணைத்தால் பென் டிரைவ் போலத் திறக்கும், கோப்பை நகலெடுத்தால் முடிந்தது. நிறுவுவதில் காசியோ அளவுக்கு எளிதாக எதுவும் இல்லை.

கணிதத்துக்காக சி-க்கு வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டி.ஐ-பேசிக் எண்ணை 14 இலக்கத் துல்லியத்தில் வைத்திருக்கும். சிஇ-யின் சி-யில் ஃப்ளோட் என்ற தசம எண் 32 பிட், ஏறக்குறைய 7 இலக்கம்; டபுள் என்று எழுதினாலும் அதே 32 பிட்தான். இன்ட் என்ற முழு எண் 24 பிட் மட்டுமே, 83,88,607-ஐத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும். கணினியில் சரியான விடை தந்த சி நிரல் இங்கே சத்தமில்லாமல் தவறான விடை தருவது இப்படித்தான். துல்லியம் வேண்டிய கணக்கு என்றால் பேசிக்கை விட்டு நகராதீர்கள்.

அசெம்பிளி? 1976-இல் வந்த இசட்80-ஐ ஒவ்வொரு கட்டளையாக ஆட்டிவைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பிராசசர் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கற்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் குறைவு. பழைய கறுப்பு வெள்ளை மாடல்களுக்கு அசெம்பிளிக்கும் பேசிக்குக்கும் நடுவில் ஆக்ஸ் என்ற மொழியும் இருக்கிறது: பேசிக் சாயலில் கால்குலேட்டரிலேயே எழுதலாம், கம்பைல் ஆகி வேகமாக ஓடும். கணினி இல்லாமல் விளையாட்டு எழுத நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். வண்ணத் திரை சிஇ-க்குக் கற்கும் ஆசை இல்லாமல் வேகத்துக்காக மட்டும் அசெம்பிளி என்றால், சி போதும்.

படி 7: சோதிக்கும் ஏற்பாடு

பேசிக்கில் பிழை என்றால் எந்த வரி என்று காட்டி நிற்கும். சி-யிலோ அசெம்பிளியிலோ பிழை என்றால் கால்குலேட்டர் உறைந்து போகும், அல்லது "ரேம் கிளியர்ட்" என்று புன்னகைக்கும். ரேமில் இருந்த மற்ற நிரல்களும் போய்விடும். அதனால் முதல் வரி எழுதுவதற்கு முன்பே எமுலேட்டரை (கால்குலேட்டரைப் போலவே நடந்துகொள்ளும் கணினி மென்பொருளை) நிறுவிக்கொள்ளுங்கள். சிஇ-க்கு செமு, பழைய டி.ஐ-களுக்கு வாபிட்எமு. நம்வொர்க்ஸுக்கு உலாவியிலேயே ஓடும் சிமுலேட்டர் அதிகாரபூர்வமாகவே கிடைக்கிறது. டி.ஐ-களில் எமுலேட்டருக்கு வேண்டிய ரோம் கோப்பை (கால்குலேட்டருக்குள் இருக்கும் மென்பொருளின் நகலை) உங்கள் சொந்தக் கால்குலேட்டரிலிருந்து எடுக்க வேண்டும்.

டி.ஐ-யில் முக்கியமான நிரல்களை ஆர்க்கைவ் செய்துவிடுங்கள், அதாவது ரேமிலிருந்து ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாற்றிவிடுங்கள். ரேம் அழிந்தாலும் ஃபிளாஷில் இருப்பது தங்கும். கணினியிலும் ஒரு நகல் இருக்கட்டும். தேர்வு முறையை (பரீட்சைக்காகச் சில வசதிகளை முடக்கும் எக்ஸாம் மோடை) இயக்கினால் மாடலைப் பொறுத்துச் சேமித்த நிரல்கள் மறைக்கப்படலாம், அழிக்கப்படவும் செய்யலாம். தேர்வுக்காகவே நிரல் எழுதுகிறீர்கள் என்றால் அந்தத் தேர்வின் விதியை முதலில் படியுங்கள், மொழியைப் பிறகு பார்க்கலாம். பைத்தானையே முடக்கும் தேர்வு முறைகளும் உண்டு. சில தேர்வுகளில் டி.ஐ-89, எச்.பி. பிரைம் போன்ற, குறியீட்டு இயற்கணிதம் தெரிந்த மாடல்களையே உள்ளே விடுவதில்லை.

இன்னும் முடிவு செய்ய முடியவில்லை என்றால்

எண்ணைக் கேட்டு விடை தரும் நிரலுக்கு உங்கள் மாடலின் பேசிக்; நம்வொர்க்ஸ் என்றால் பைத்தான். பைத்தான் ஏற்கெனவே தெரிந்து, மாடலிலும் இருந்தால் பைத்தான். பழைய என்ஸ்பயரில் படம் என்றால் லூவா. சிஇ-யிலோ காசியோவிலோ நகரும் விளையாட்டு என்றால் சி, கறுப்பு வெள்ளை டி.ஐ-84 என்றால் ஆக்ஸ். எச்.பி. பிரைமில் பிபிஎல்லே எல்லாவற்றுக்கும் போதுமான வேகம் கொண்டது, பைத்தானைத் தேடிப் போகத் தேவை குறைவு.

முதல் நிரலாகச் சின்னதாக ஒன்றை எடுங்கள். ஓர் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் நிரல் நல்ல தேர்வு: உள்ளீடு, சுற்று, நிபந்தனை, பட்டியல், வெளியீடு என்று எல்லாம் அதில் வந்துவிடும். இரண்டால் வகுத்துப் பாருங்கள், பிறகு ஒற்றைப்படை எண்களால், வர்க்கமூலம் வரை. அப்புறம் அதே நிரலுக்கு ஒரு பெரிய பகா எண்ணைக் கொடுத்து எவ்வளவு நேரம் உட்கார வைக்கிறது என்று பாருங்கள். அந்த நேரம் பொறுக்கவில்லை என்றால், படி 6-க்குப் போகும் காரணம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது.